திறப்பு விழாவை விடுங்கள், மூடுவிழாவைச் சொல்லுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழு ஒன்றில் கரண்ட் பில்லில் தொடங்கிய பேச்சு அணுமின் நிலையத்தில் போய் நின்றது. "இந்தியாவில இருக்கு, பாகிஸ்தானில இருக்கு, பங்களாதேஷும் கட்டுது. எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் உடனே செர்னோபில் படத்தைப் போட்டார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் "குண்டு, புற்றுநோய்", மறுபக்கம் "மலிவான மின்சாரம், முன்னேற்றம்". நூற்றுக்கு மேல் செய்திகள் ஓடின. அந்த நிலையம் வயதாகி ஓய்வெடுக்கும் நாளில் அதை யார் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ அதுதான் முதல் கேள்வி.

இது வெறும் கற்பனைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதன் கீழ் ஒருகொடவத்தையில் அணுசக்தி சபை இயங்குகிறது, ஒழுங்குபடுத்துவதற்குத் தனியாக ஒரு பேரவையும் உண்டு. 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் நிபுணர் குழு வந்து, இந்த நாடு அணுமின் பாதையில் எவ்வளவு தயார் என்று பார்த்துவிட்டுப் போனது. அதாவது கதவு பாதி திறந்தே இருக்கிறது.

அடுத்தது, வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆகாய மார்க்கமாக அளந்தால் கல்கிசையிலிருந்து யாழ்ப்பாணம் இருக்கும் தூரத்தை விடக் கூடங்குளம் கிட்ட. அங்கே 1000 மெகாவோட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டப்படுகின்றன. நாம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இந்த விஷயம் நம் அயல் வீட்டு விஷயம். ஆகவே "எங்களுக்கு என்ன" என்று ஒதுங்கவும் முடியாது.

ஒரு அணு உலையை மூடுவது ஏன் ஒரு பெக்டரியை மூடுவது போல இல்லை என்பதைச் சொல்ல, பாணந்துறைக் குரங்கிலிருந்து தொடங்குகிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டது என்று அமைச்சர் சொன்னார். முழு நாடும் இருண்டது. எல்லோரும் சிரித்தோம், மீம் போட்டோம். சிரிக்காமல் கவனிக்க வேண்டியது நுரைச்சோலை. அங்கிருந்த மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. உடனே திரும்ப ஓட்ட முடியவில்லை, அதனால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது. நிலக்கரி நிலையம் என்பதால் நமக்கு வந்த நட்டம் அவ்வளவுதான். இருட்டில் இருந்தோம், பிறகு வெளிச்சம் வந்தது.

அணு உலையில் அப்படி இல்லை. நிலக்கரியை நிறுத்தினால் நெருப்பு அணையும். அணு உலையை நிறுத்தினால் பிளவு நிற்கும், சூடு நிற்காது. நிறுத்திய அந்தக் கணத்தில் உலையின் முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6, 7 சதவீதம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அது நாட்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். அதுவரை தண்ணீர் ஓட வேண்டும். அந்தத் தண்ணீரை ஓட்டுவதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் இடத்துக்கே, நின்ற பிறகு, வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்! புகுஷிமாவில் 2011 மார்ச் 11ஆம் திகதி நடந்தது இதுதான். பூமி அதிர்ந்ததும் உலைகள் ஒழுங்காகத் தாமாகவே நின்றன. வெளி மின்கம்பிகள் அறுந்தன, சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. நின்ற உலைகள் உருகின.

அங்கிருந்த முதலாம் உலை 1971 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. 40 வயது நிறையப் போகிறது, இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று அதிகாரிகள் அனுமதி கொடுத்தது 2011 பெப்ரவரியில். அடுத்த மாதமே அது போனது. இப்போது அங்கே உருகிக் கட்டிப்பட்டுக் கிடக்கும் எரிபொருள் சுமார் 880 தொன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பதின்மூன்று வருடம் முயன்று, 2024 நவம்பரில் முதன்முதலாக வெளியே எடுத்த துண்டின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. எடுத்தது நாமல்ல, ஜப்பான்காரன்.

அது விபத்து, விதிவிலக்கு என்று சொல்வீர்கள். சரி. விபத்தே இல்லாமல் வயதாகும் ஒரு நிலையத்தைப் பார்ப்போம், அதுவும் தமிழ் பேசும் மண்ணில்.

கல்பாக்கம். சென்னைக்குத் தெற்கே, கடலோரம். முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக ரீதியாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கின. இந்தியா தன் சொந்தப் பொறியியலாளர்களை வைத்துக் கட்டியது, அதில் அவர்கள் பெருமைப்படுவது நியாயம். உலைக்குள் 306 குழாய்கள் கிடையாகப் படுத்திருக்கும், அவற்றுக்குள்தான் எரிபொருள். கதிர்வீச்சும் சூடும் பட்டுப் பட்டு அந்தக் குழாய்கள் வருடக் கணக்கில் நீளும், தொய்யும். இதைத் தவிர உள்ளே நீர் செலுத்தும் ஒரு பகுதி உடைந்துபோனதால் பல வருடங்கள் அந்த உலைகளை 170 மெகாவோட்டுக்கு மேல் ஓட்ட முடியாமல் இருந்தது. 2002க்கும் 2005க்கும் இடையில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு உலைகளையும் நிறுத்தி, அத்தனை குழாய்களையும் மாற்றினார்கள். மனிதனுக்கு இருதய மாற்றுச் சிகிச்சை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் 2004 டிசம்பர் 26. அன்று காலை எங்கள் கல்கிசை ஸ்டேஷனைத் தாண்டித் தெற்கே போன ரயில்தான் பெரலியவில் அலைக்கு அகப்பட்டது. அதே அலை கல்பாக்கத்திலும் அடித்தது. முதல் உலை திருத்த வேலைக்காக நின்றிருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. ஊழியர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அவர்களுடைய குடியிருப்பிலேயே உயிர்கள் போயிருந்தன, ஆனாலும் வேலையை விடவில்லை. அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

முதல் உலை 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. பிறகு பல வருடங்கள் அது ஓடவும் இல்லை, மூடப்பட்டதாக அறிவிக்கப்படவும் இல்லை. ராஜஸ்தானில் கனடாவின் உதவியோடு கட்டிய முதல் உலையும் அப்படித்தான்: 1973இல் தொடங்கியது, 2004இல் நின்றது, இருபது வருடம் தாண்டிவிட்டது. எரிபொருளை எடுத்துவிட்டார்கள், கட்டடம் நிற்கிறது. ஓடும் உலைகளைப் பற்றி எழுதத் தெரிந்தவர்களுக்கு இப்படி "நின்று கொண்டிருக்கும்" உலைகளைப் பற்றி எழுத ஏன் கை வருவதில்லை என்று தெரியவில்லை. இந்தியாவில் இன்று வரை ஒரு மின் உற்பத்தி உலையாவது முழுமையாகக் கழற்றி, நிலத்தைத் துப்புரவாக்கி, "இனி இங்கே பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடலாம்" என்று கையளிக்கப்படவில்லை.

கராச்சி நிலையத்தின் கதை இன்னும் பாடம். எங்கள் மேமன் குடும்பங்களில் பலருக்குக் கராச்சியில் சொந்தம் உண்டு, அந்தக் கடற்கரையைப் பார்த்தவர்களும் இருப்பீர்கள். கனடா கட்டிக்கொடுத்தது, 137 மெகாவோட், 1972இல் திறந்தார்கள். 1974இல் இந்தியா பொக்ரானில் குண்டு வெடித்துப் பார்த்ததும் கனடாவுக்குப் பயம் வந்தது. 1976இல் பாகிஸ்தானுக்கும் உதவியை நிறுத்திவிட்டது. எரிபொருளும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. கட்டியவன் கைவிட்ட நிலையத்தைப் பாகிஸ்தான் பொறியியலாளர்கள் தாங்களே எரிபொருள் செய்து ஓட்டினார்கள். முப்பது வருடத்துக்கு வடிவமைத்ததைக் குறைந்த வலுவில் ஐம்பது வருடம் வரை இழுத்தார்கள். 2011 ஒக்டோபரில் கனநீர் கசிந்து சில மணிநேரம் அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி நிரந்தரமாக நிறுத்தினார்கள். திறந்தவர்களில் எத்தனை பேர் அந்த நாளைக் காண உயிரோடு இருந்திருப்பார்கள்? நிறுத்தினதோடு முடியவும் இல்லை, கழற்றும் காலம் அன்றைக்குத்தான் ஆரம்பம்.

அது எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு உலகத்திலேயே பழைய உதாரணம் பிரித்தானியாவின் கால்டர் ஹோல். 1956 ஒக்டோபரில் எலிசபெத் மகாராணி வந்து திறந்துவைத்தார். 2003 மார்ச்சில் மூடினார்கள். உள்ளே இருந்த எரிபொருளை எடுத்து முடிக்க மட்டும் 2019 ஆனது. அது நிற்கும் செலாபீல்ட் வளாகம் முழுவதையும் துப்புரவாக்கி முடிய 2125 ஆகும், 136 பில்லியன் பவுண் செலவாகும் என்று அவர்களுடைய தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2024இல் எழுதியது. அங்கே குண்டுக்கான வேலையும் சேர்ந்து நடந்ததால் தொகை அப்படிப் பெரிதானது, ஒரு சாதாரண மின் நிலையத்துக்கு அவ்வளவு வராது. ஆனால் வருடக் கணக்கைப் பாருங்கள். 1956இல் பல்ப் எரித்தவனின் கொள்ளுப்பேரனுடைய பிள்ளை அந்தப் பில்லைக் கட்டுகிறது.

நம் ஊரில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் ஓர் அறிவிப்பு செய்வோம். மௌத்தானவர் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் அவருடைய வாரிசிடம் சொல்லுங்கள், அவர் பொறுப்பேற்கிறார் என்று. மகனோ தம்பியோ முன் ஸஃபில் நிற்பார். கடனுக்கு ஆள் சொல்லாமல் நாங்கள் மையித்தை மண்ணுக்கு அனுப்புவதில்லை. இந்த அணுமின் நிலையம் மௌத்தாகும் நாளில் முன் ஸஃபில் யார் நிற்கப் போகிறார்? விற்ற கம்பனியா, கடன் கொடுத்த நாடா, அன்றைய அமைச்சரா? எனக்குத் தெரிந்து, அந்த வரிசையில் நிற்கப் போவது இப்போது என் வகுப்பில் ஆறாம் ஆண்டு படிக்கிற பிள்ளை.

"அதற்குத்தானே தனி நிதி சேர்ப்பார்கள்" என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், பல நாடுகளில் விற்கும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கை மூடும் செலவுக்கென்று ஒதுக்குகிறார்கள். இந்தியாவில் அது ஓர் அலகுக்கு 2 பைசா. வகுப்பில் போடுகிற மாதிரி ஒரு கணக்குப் போடுவோம். கல்பாக்கம் மாதிரி 220 மெகாவோட் உலை ஒன்று வருடம் முழுக்க ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினால் சுமார் 193 கோடி அலகு. இரண்டு பைசாப்படி வருடத்துக்கு நாலு கோடி இந்திய ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நாற்பது வருடத்துக்கு 154 கோடி. டொலரில் இருபது மில்லியனுக்குள் வரும். முதலீட்டில் வளர்ந்தால் சில மடங்கு ஆகலாம், ஆனால் எந்த உலை நாற்பது வருடம் நிற்காமல் ஓடியது? அமெரிக்காவில் ஓர் உலையைக் கழற்றச் சில நூறு மில்லியன் டொலர் செலவாகிறது. அங்கே உலையும் பெரிது, கூலியும் அதிகம் என்று எவ்வளவு கழித்தாலும் இடைவெளி சின்னதில்லை.

அந்த நிதியை நம் நாட்டில் வைத்துப் பாருங்கள். ஐம்பது வருடத்துக்கு ஒருவரும் கை வைக்காமல் ஒரு நிதி இங்கே கிடக்குமா? 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரத்தில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. ரூபாயில் சேர்த்து வைத்தவனுடைய சேமிப்பு இருந்த இடத்திலேயே கரைந்தது. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது சுமையை ஏற்றியது யார் தலையில்? ஊழியர் சேமலாப நிதியின் தலையில். தொழிலாளியின் ஓய்வுகாலக் காசுக்கே அந்த நிலை என்றால், 2090இல் ஒரு கட்டடத்தைக் கழற்றுவதற்கு வைத்த காசை எந்த நிதியமைச்சர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்?

இனி கழிவு. வெளியே எடுக்கும் எரிபொருளை முதலில் பல வருடம் தண்ணீர்த் தொட்டியில் வைக்க வேண்டும், பிறகு கொங்கிறீட் பெட்டகத்தில். அதற்குள் இருக்கும் சீசியம் பாதியாகக் குறைய முப்பது வருடம், புளூட்டோனியம் பாதியாகக் குறைய 24,000 வருடம். கூடங்குளத்தில் இதற்குத் தனிக் களஞ்சியம் ஐந்து வருடத்தில் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 2018இல் தவணை வந்தபோது இன்னும் அவகாசம் வேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள்.

நாங்கள்? குப்பையையே பத்திரமாக வைக்கத் தெரியாத நாடு. அணுசக்தி சபை இருக்கும் ஒருகொடவத்தையிலிருந்து கொஞ்சத் தூரம்தான் மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் கொழும்பின் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. அதற்கு அரசு கண்ட தீர்வு, குப்பையை ரயிலில் ஏற்றிப் புத்தளம் அருவக்காலுவுக்கு அனுப்புவது. 2018, 2019இல் புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கியது நினைவிருக்கும். நாங்கள் கொழும்பில் இருந்து லைக் போட்டோம். சீமெந்து ஆலைத் தூசு அவர்களுக்கு, நுரைச்சோலைச் சாம்பல் அவர்களுக்கு, நம் வீட்டுக் குப்பையும் அவர்களுக்கு. வடக்கிலிருந்து 1990இல் விரட்டப்பட்டு வந்தவர்களையும் அணைத்துக்கொண்ட ஊர் அது. நாளைக்கு "கதிரியக்கக் கழிவுக்குப் பொருத்தமான, சனம் குறைந்த, வறண்ட இடம்" என்று தேடினால் விரல் எங்கே போய் நிற்கும் என்று யூகிக்க எனக்குப் பெரிய அறிவு தேவையில்லை. இதை எழுதும்போது கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

கடற்கரையையும் மறக்க வேண்டாம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் நீர்கொழும்பிலிருந்து வெள்ளவத்தை, கல்கிசை தாண்டி ஒதுங்கின. ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2025 ஜூலை ஆனது. கண்ணுக்குத் தெரிகிற, கையால் அள்ளுகிற மணிகளுக்கே நாலு வருட வழக்கு.

அதனால் அணு வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. மஹரகம வைத்தியசாலையில் எங்கள் உம்மாமார் பலர் கதிர்ச் சிகிச்சையால் உயிர் பிழைத்திருக்கிறார்கள், கதிர் என்றாலே ஹராம் மாதிரி பேசுவதில் அர்த்தம் இல்லை. நிலக்கரிப் புகை அன்றாடம் சத்தமில்லாமல் கொல்வது அணுமின்னை விட அதிகம் என்பதும் உண்மை. ஜேர்மனி 2023 ஏப்ரல் 15ஆம் திகதி தன் கடைசி மூன்று உலைகளையும் மூடியபோது அங்கே நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நல்ல நிலையில் இருந்த உலைகளை முதலில் மூடிவிட்டு நிலக்கரியைப் பிறகு பார்ப்போம் என்றது தலைகீழான வேலை என்றுதான் நினைக்கிறேன்.

நம் அளவும் ஒரு பிரச்சினை. உச்ச நேரத்திலேயே மூவாயிரம் மெகாவோட்டுக்குள் நிற்கும் வலையமைப்பு இது. ஒரே இயந்திரம் மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொறியியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கூடங்குளம் மாதிரி 1000 மெகாவோட் இங்கே தாங்காது. அதனால்தான் சின்ன உலை, கப்பலில் மிதக்கும் உலை என்ற பேச்சு வருகிறது. ரஷ்யா அப்படி ஒன்றை 2020 முதல் தன் வடகோடியில் வணிக ரீதியாக ஓட்டுகிறது, 70 மெகாவோட். அதில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், வேலை முடிந்தால் இழுத்துக்கொண்டு போகலாம். பங்களாதேஷ் ரூப்பூர் நிலையத்துக்குப் பதினொரு பில்லியன் டொலருக்கு மேல் ரஷ்யாவிடம் கடன் பட்டது, ஆனால் எரிந்து முடிந்த எரிபொருளை ரஷ்யாவே திருப்பி எடுக்க வேண்டும் என்றும் எழுதி வாங்கியது. அந்தப் புத்தி மெச்சத்தக்கது. ஆனாலும் கட்டடமும் குழாயும் உலைப் பாத்திரமும் பங்களாதேஷில்தான் கிடக்கும்.

என் நிலைப்பாடு இவ்வளவுதான். எந்த நாட்டு நிறுவனத்தோடும் கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், மூடும் ஒப்பந்தம் மேசைக்கு வரட்டும். எரிபொருளை யார் திருப்பி எடுப்பது, கழற்றும் பொறுப்பு யாருடையது, அந்தக் காசு திறைசேரிக்கு எட்டாத எந்த இடத்தில், எந்த நாணயத்தில் இருக்கும், கழிவு வைக்கும் ஊரின் பெயர் என்ன, அந்த ஊர் மக்களிடம் அவர்களுடைய மொழியில் கேட்டாயிற்றா. ஊரின் பெயரைத் திறப்பு விழாவுக்கு முன்னால் சொல்ல வேண்டும், முப்பது வருடம் கழித்து இரவோடு இரவாக ரயிலில் ஏற்றும்போது அல்ல. இதற்கெல்லாம் பதில் இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன், பிள்ளைகளுக்கும் பெருமையோடு கற்பிப்பேன்.

நீண்டகால மின் உற்பத்தித் திட்டங்களைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பரிசீலிக்கும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். நம்மவர்கள் அதில் எழுதுவது மிகக் குறைவு. அடுத்த முறை அறிவித்தல் வந்தால் இங்கே போடுகிறேன், இன்ஷா அல்லாஹ். மேலே உள்ள கேள்விகளைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தருகிறேன், பெயரைப் போட்டு அனுப்புங்கள். புத்தளத்தில் சொந்தம் இருப்பவர்கள் இந்தப் பதிவை அங்கேயும் பகிருங்கள். மின்சாரத் துறையில் வேலை செய்யும் சகோதரர்கள் யாராவது இருந்தால், வலையமைப்புப் பற்றி நான் எழுதியதற்கு மேலதிகமாகப் பின்னூட்டத்தில் விளக்குங்கள். செர்னோபில் படம் மட்டும் வேண்டாம், எல்லோரும் பார்த்தாயிற்று.